ஷோ மோசமா, பிடிக்கவில்லையா? டிரம் கோர் ரசிகர்களின் விமர்சனம்: ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்காவில் ஒவ்வொரு கோடையிலும் டிரம் கோர் என்ற பித்தளை, டிரம் வாத்தியக் குழுக்களின் போட்டிகள் நடக்கின்றன. ஜூன் மாதக் கடைசியில் சூடுபிடித்து ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் முடிந்துவிடும். அந்த ஆறேழு வாரமும் மைதானத்துப் போட்டியைவிட ரசிகர்களுக்குள் நடக்கிற வாக்குவாதம்தான் காரமாக இருக்கும். ஒரே ஷோவை ஒருவர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். பக்கத்து சீட்டுக்காரர் "இதெல்லாம் ஒரு ஷோவா" என்று உதட்டைப் பிதுக்குவார். நடுவர்கள் மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். புதிதாக வருகிறவருக்கு யார் பேச்சை நம்புவது என்றே தெரியாது.

நான் கவனித்தவரை, இந்தச் சண்டையில் பெரும்பகுதி உண்மையான கருத்து வேறுபாடே இல்லை. "ஷோ மோசம்" என்கிற ஒரே பேச்சுக்குள் மூன்று வேறு வேறு புகார்கள் கலந்து கிடக்கின்றன. பிள்ளைகள் சரியாக வாசிக்கவில்லை என்பது ஒன்று. ஷோவை அமைத்தவர்கள் சொதப்பிவிட்டார்கள் என்பது இன்னொன்று. இந்த மாதிரி ஷோ எனக்குப் பிடிக்காது என்பது மூன்றாவது. மூன்றாவதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, அதற்கு முதல் இரண்டின் சட்டையை மாட்டிவிடுவதுதான் ரசிகர்களின் வழக்கமான வேலை.

டிரம் கோர் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். நம் ஊர் சுதந்திர தின அணிவகுப்பில் போகிற பள்ளிக்கூட பேண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து புல்லாங்குழல், கிளாரினெட் வகையறாக்களை எடுத்துவிட்டு, டிரம்பெட்டிலிருந்து டியூபா வரையிலான பித்தளைக் குழல்களையும் டிரம்களையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் எண்ணிக்கையை 165 வரை ஏற்றுங்கள். நேராக நடப்பதற்குப் பதிலாக அவர்களை அமெரிக்கக் கால்பந்து மைதானம் முழுக்கப் பரப்பி, ஓடவும் ஆடவும் உருவங்களாக மாறவும் விடுங்கள். கொடி, மரத் துப்பாக்கி, வாள் ஆகியவற்றைச் சுழற்றி வீசிப் பிடிக்கிற கலர் கார்டு என்ற நடனக் குழுவைச் சேருங்கள். மரிம்பா, வைப்ரஃபோன் போன்ற, தூக்கிக்கொண்டு நடக்க முடியாத வாத்தியங்களை மைதானத்தின் முன் ஓரத்தில் நிறுத்துங்கள். ரசிகர்கள் அந்த இடத்தை 'பிட்' என்பார்கள். இத்தனை பேரும் சேர்ந்து பத்து, பன்னிரண்டு நிமிடம் நடத்துவதுதான் ஒரு ஷோ. ஒரு கோடை முழுக்க ஒரே ஷோதான். அதையே ஊர் ஊராகப் போய் வாசித்து மெருகேற்றுவார்கள்.

வாசிப்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி வயதுப் பிள்ளைகள். 22 வயதோடு உச்ச வரம்பு. சம்பளம் கிடையாது, அவர்கள்தான் கட்டணம் கட்டிச் சேருகிறார்கள். பேருந்தில் பயணம், பள்ளிக்கூட ஜிம் தரையில் தூக்கம், வெயிலில் நாள் முழுக்கப் பயிற்சி. ஷோவை யோசித்து, இசையமைத்து, அசைவுகளை வரைந்து கொடுப்பது தனி ஆட்கள். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

போட்டிகளை நடத்தும் அமைப்பு டிரம் கோர் இன்டர்நேஷனல், சுருக்கமாக டிசிஐ. அதன் முதல் சாம்பியன்ஷிப் 1972-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஒயிட்வாட்டரில் நடந்தது. அனாஹைம் கிங்ஸ்மென் வென்றது. அதற்கு முன்பு முன்னாள் படைவீரர் சங்கங்கள்தான் போட்டி நடத்தின. விதிகளும் நடுவர் முறையும் அவர்கள் கையில் இருந்தன. எதை வாசிக்கலாம், எப்படி மதிப்பிட வேண்டும் என்பதை நாங்களே முடிவு செய்கிறோம் என்று குழுக்கள் கிளம்பியதால்தான் டிசிஐ பிறந்தது. அதாவது இந்த அமைப்பின் பிறப்பே ஒரு ரசனைத் தகராறு.

மதிப்பெண் தாளில் என்ன இருக்கிறது

மொத்தம் 100 மதிப்பெண். அதில் 40 'ஜெனரல் எஃபெக்ட்' என்ற பிரிவுக்கு. ரசிகர்கள் ஜிஇ என்பார்கள். ஷோ ஒட்டுமொத்தமாகப் பார்ப்பவரை என்ன செய்தது என்பதற்கான மதிப்பெண் அது. மீதி 60-ல் பாதி காட்சிக்கு, பாதி இசைக்கு. காட்சியில் நடையும் உடல் அசைவும் எவ்வளவு சீராக இருந்தன, காட்சி அமைப்பு எப்படி, கலர் கார்டு எப்படி என்று மூன்று உட்பிரிவுகள். இசையில் பித்தளை வாத்தியம், தாள வாத்தியம், மொத்த இசை என்று மூன்று. இந்த ஆறுக்கும் தலா 20 போட்டு, ஒவ்வொரு பக்கமும் வரும் 60-ஐப் பாதியாக்குவார்கள். நடுவர்கள் பார்த்துக்கொண்டே தங்கள் கருத்தைப் பேசிப் பதிவும் செய்வார்கள்; அதைக் குழுவின் பயிற்சியாளர்கள் கேட்டுத் திருத்திக்கொள்வார்கள்.

முக்கியமான விஷயம் இது: ஒவ்வொரு தாளிலும் இரண்டு கேள்விகள் உண்டு. பிள்ளைகளிடம் என்ன கொடுக்கப்பட்டது? அதை எவ்வளவு நன்றாகச் செய்தார்கள்? எளிதான ஒன்றைப் பிசகில்லாமல் செய்வதும் கடினமான ஒன்றைக் கொஞ்சம் தடுமாறிச் செய்வதும் தனித்தனியாக எடை போடப்படுகின்றன. ரசிகர் பேச்சில் இந்தப் பிரிவினை இல்லாமல் போவதால்தான் "அவங்க ரொம்ப டர்ட்டி, எப்படி மூணாவது வந்தாங்க" என்ற கேள்வி வருஷா வருஷம் எழுகிறது. ரசிகர் மொழியில் டர்ட்டி என்றால் பிசிறடிக்கிறது. கிளீன் என்றால் 165 பேரும் ஒரே ஆள் மாதிரி ஒலிக்கிறார்கள், ஒரே ஆள் மாதிரி நகர்கிறார்கள்.

கிளீனாக இருப்பது எவ்வளவு சிரமம் என்று தெரிந்தால் விமர்சிக்கிற குரலில் கொஞ்சம் நிதானம் வரும். மைதானம் 100 கஜம், அதாவது சுமார் 91 மீட்டர். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சத்தம் போய்ச் சேரக் கால் வினாடிக்கும் கொஞ்சம் கூடுதலாக ஆகும். நிமிடத்துக்கு 180 தாள அடி வேகத்தில் வாசிக்கும்போது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே இருப்பதே மூன்றில் ஒரு பங்கு வினாடிதான். அந்தக் கோடியில் அடிக்கிற டிரம்மைக் காதால் கேட்டு இந்தக் கோடியில் ஒருவர் வாசித்தால், கிட்டத்தட்ட ஒரு முழு அடி பின்தங்கிவிடுவார். அதனால் பின்னால் நிற்கிற டிரம்காரர்கள் மேடைமேல் நின்று கையசைத்து இசையை நடத்தும் டிரம் மேஜரின் கையைப் பார்த்து வாசிப்பார்கள். முன்னால் நிற்பவர்கள் தங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிற சத்தத்தோடு சேர்ந்து வாசிப்பார்கள். அப்போதுதான் இரண்டும் ஒன்றாகப் பார்வையாளரை அடையும். பக்கவாட்டிலிருந்து வருவதைக் காதில் வாங்கவே கூடாது. இதையெல்லாம் பின்னோக்கி நடந்துகொண்டே, உதட்டில் குழலை அசையாமல் வைத்துக்கொண்டு, ஐந்து கஜத்துக்கு எட்டு காலடி என்ற கணக்கில் காலை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

பென்சில் கோடு போட்ட காலம்

1983 வரை நடுவர்களின் வேலை வேறு மாதிரி இருந்தது. அட்டையும் பென்சிலுமாக வாசிப்பவர்களின் அருகிலேயே நடந்துகொண்டு, பிசகு காதில் விழுந்தாலோ கண்ணில் பட்டாலோ ஒரு கோடு போடுவார்கள். ஒரு கோட்டுக்குப் பத்தில் ஒரு மதிப்பெண் போய்விடும். இதற்கு 'டிக்' முறை என்று பெயர். 1984-ல் அது போய், கீழிருந்து மேலே மதிப்பெண் கட்டிக்கொண்டு போகிற முறை வந்தது.

பழைய ரசிகர்களில் சிலர் இன்றும் டிக் காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். அப்போது ரசனைக்கே இடமில்லை, தப்பு என்றால் தப்பு, அவ்வளவுதான் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நடுவர் ஒரு நேரத்தில் ஒரு சிலர் பக்கத்தில்தான் நிற்க முடியும். எந்த வரிசைக்கு அருகில் நின்றார், எதைத் தப்பென்று கருதினார் என்பதிலும் அவர் தேர்வு இருந்தது. அதோடு, பிசகுக்கு மட்டும் தண்டனை என்றால் துணிந்து கடினமானதை எழுதிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? டிக் முறை ஒழிந்ததில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை.

அந்த மாற்றம் நடந்த சமயத்தில்தான் நியூ ஜெர்சியின் கார்ஃபீல்ட் கேடட்ஸ் 1983, 1984, 1985 என்று மூன்று வருடம் தொடர்ந்து பட்டம் வென்றது. அதுவரை மைதானத்தில் உருவங்கள் பெரும்பாலும் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமமாக, கண்ணாடி பிம்பம் மாதிரி இருந்தன. கேடட்ஸுக்காக ஜார்ஜ் ஸிங்காலி வரைந்த அசைவுகளில் அந்தச் சமச்சீர் உடைந்தது. கோடுகள் வளைந்தன, உருகின, மைதானத்தின் ஒரு மூலைக்கு ஓடின. ராணுவ அணிவகுப்பின் மிச்சத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அது கலைந்துபோன கூட்டமாகத் தெரிந்தது. இன்று எந்தக் குழுவின் ஷோவைப் பார்த்தாலும் அதில் ஸிங்காலியின் சாயல் இருக்கிறது.

1993: ஸ்டார் ஆஃப் இண்டியானா

ரசனையும் விமர்சனமும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஸ்டார் ஆஃப் இண்டியானா 1985-ல் களத்துக்கு வந்த குழு. மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் குக் நிறுவனத்தின் அதிபர் பில் குக் அதைத் தொடங்கினார். மற்ற குழுக்கள் சில்லறை சேர்த்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது இவர்கள் வசதியோடு வந்தார்கள். முதல் வருடமே இறுதிச் சுற்று. 1991-ல் ரெஸ்பிகியின் ரோம் இசையை வைத்துப் பட்டமும் வாங்கிவிட்டார்கள். "காசு இருந்தால் எல்லாம் வாங்கலாம்" என்ற முணுமுணுப்பு அரங்கில் ஏற்கெனவே இருந்தது.

1993-ல் அவர்கள் எடுத்துக்கொண்டது சாமுவேல் பார்பரின் மெடியா இசையும் பார்டோக்கின் இசையும். கேட்ட மாத்திரத்தில் வாயில் முணுமுணுக்கிற சங்கதி இல்லை. துண்டு துண்டாக வரும், திடீரென்று அமுங்கும், நடுவில் நிசப்தம். டிரம் கோர் ரசிகர் பழகிய சுகம் என்ன? இசை படிப்படியாக ஏறும், உச்சத்தில் மொத்தப் பித்தளையும் பார்வையாளர் பக்கம் திரும்பி முழங்கும், எல்லோரும் எழுந்து நின்று கத்துவார்கள். ஸ்டார் அந்தச் சுகத்தைக் கிட்டத்தட்ட முழுக்க மறுத்தது. எங்கே கைதட்டுவது என்றே தெரியாத ஷோ. வாசிப்பில் குறை சொல்ல இடமில்லை, அவ்வளவு கிளீன். ஆனாலும் அந்தக் கோடையில் சில ஊர்களில் கூட்டத்திலிருந்து எதிர்ப்புக் கூச்சலே கிளம்பியது. பிள்ளைகளைப் பார்த்து ஊளையிடுவது டிரம் கோர் கூட்டத்தில் அபூர்வம்.

இறுதிப் போட்டி மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சனில். முதலிடம் கேடட்ஸ், 97.4. இரண்டாமிடம் ஸ்டார், 97.3. பத்தில் ஒன்று வித்தியாசம்.

அதோடு ஸ்டார் போட்டியை விட்டே விலகியது. மேடை நிகழ்ச்சிக்குப் போய், அந்த வழியில் உருவான 'பிளாஸ்ட்!' லண்டனிலும் நியூயார்க்கின் பிராட்வே அரங்கிலும் ஓடி 2001-ல் டோனி நாடக விருது வாங்கியது. 1993 ஷோவோ காலம் போகப் போக, இந்தக் கலையை மாற்றிய ஷோக்களின் பட்டியலில் முன்வரிசைக்கு வந்துவிட்டது. அன்று எதிர்த்தவர்களே பிறகு புகழ்ந்திருக்கிறார்கள்.

இந்தக் கதையை வழக்கமாக "ரசிகர்கள் தப்பு, கலைஞர்கள் சரி" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அன்று ஜாக்சனில் உட்கார்ந்திருந்த ஒருவர் "இது என்னை வெளியே நிறுத்திவிட்டது" என்று சொல்லியிருந்தால் அது நூறு சதவீதம் உண்மையான விமர்சனம். ஷோவின் நோக்கமே ஓரளவு அதுதான். வெளியே நிறுத்தியதை "மோசமாக வாசித்தார்கள்" என்றோ "இது டிரம் கோரே இல்லை" என்றோ மாற்றிச் சொன்னபோதுதான் பேச்சு கெட்டுப்போனது. அதில் எவ்வளவு பார்பர் மீதான கோபம், எவ்வளவு பில் குக்கின் பணத்தின் மீதான கோபம் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. கத்தியவர்களாலும்தான்.

நடுவர்களுக்கு ரசனை இல்லையா?

இருக்கிறது. நூற்றுக்கு நாற்பது பங்கு ஜிஇ என்றால், ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து தன்னை ஷோ எவ்வளவு இழுத்தது என்று எண்ணால் சொல்கிறார் என்றுதான் அர்த்தம். ஷோ என்ன செய்ய முயன்றது, அதைச் செய்ததா என்று பார், உனக்குப் பிடித்த பாணியா என்று பார்க்காதே என்று அவருக்குப் பயிற்சி இருக்கும். அந்தப் பயிற்சி அவர் ரசனையை ஒழுங்குபடுத்தும், இல்லாமல் செய்துவிடாது.

2008 இதற்கு நல்ல சாட்சி. இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டின் ஃபேன்டம் ரெஜிமென்ட் அந்த வருடம் ஸ்பார்டகஸ் கதையை எடுத்தது. அடிமைகளின் கலகம், காதல், சாவு, கடைசியில் "நானே ஸ்பார்டகஸ்" என்று பிள்ளைகளே முழங்குவது வரை எல்லாம் நேரடியான உணர்ச்சி. டிரம் மேஜரே கதைக்குள் இழுக்கப்பட்டு ஈட்டியால் குத்துப்படுவார். எதிரில் கலிஃபோர்னியாவின் புளூ டெவில்ஸ். துல்லியத்திலும் நுட்பத்திலும் அவர்களை யாரும் நெருங்குவது கடினம். அரையிறுதியில்கூட அவர்கள்தான் முன்னால். ஆனால் இண்டியானாவின் புளூமிங்டனில் நடந்த இறுதி இரவில் கூட்டம் ஃபேன்டம் பக்கம் முழுக்கச் சாய்ந்துவிட்டது. முடிவு 98.125-க்கு 98.100. ஃபேன்டம் 0.025 வித்தியாசத்தில் பட்டம் வாங்கியது. எங்கோ ஒரு தாளில் ஒரே ஒரு நடுவர் பத்தில் ஒன்று மாற்றிப் போட்டிருந்தால் கதை தலைகீழாகியிருக்கலாம். கூட்டத்தின் ஆரவாரம் நடுவர்களைத் தொட்டதா? தொடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஜிஇ என்பதே பார்ப்பவரை என்ன செய்தது என்பதுதானே, அரங்கமே எழுந்து நிற்கும்போது ஒருவர் அதைக் கேட்காத மாதிரி எப்படி எழுதுவார்?

அந்த முடிவு இன்றும் விவாதத்தில் இருக்கிறது. நான் ஃபேன்டம் கட்சி. அவர்களுடைய பித்தளையின் அடர்த்தியான, கொஞ்சம் இருண்ட ஒலி என்றால் எனக்கு உயிர். அதைச் சொல்லிவிட்டுத்தான் 2008 பற்றிப் பேசவே வேண்டும், இல்லாவிட்டால் கேட்பவருக்கு நான் செய்கிற அநியாயம்.

மறுபக்கமும் உண்டு. கூட்டத்துக்கு உயிரான சில குழுக்களுக்குப் பட்டம் கிடைத்ததே இல்லை. நியூ ஜெர்சியின் பேயோனிலிருந்து வந்த பிரிட்ஜ்மென் மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, மைதானத்தில் மொத்தமாக மயங்கி விழுகிற வித்தை காட்டினார்கள். கலிஃபோர்னியாவின் வெல்வெட் நைட்ஸ் சிவப்புக் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு கோமாளித்தனம் செய்தார்கள். இரண்டு குழுவும் டிசிஐ பட்டம் வென்றதில்லை. பார்த்தவர்கள் அவர்களை மறக்கவும் இல்லை. 1995-ல் மேடிசன் ஸ்கவுட்ஸ் குழு நடத்திய ஷோ பித்தளை வெறியர்களுக்கு வேதம் மாதிரி. அந்த வருடப் பட்டம் ஹோல்ஸ்டின் 'கிரகங்கள்' இசையை வாசித்த கவாலியர்ஸ் குழுவுக்கு. நடுவரிடம் இல்லாத ஓர் அளவுகோல் ரசிகரிடம் இருக்கிறது. முப்பது வருடம் கழித்து எது திரும்பக் கேட்கப்படுகிறது என்பது அந்த அளவுகோல். அதற்குத் தாளில் கட்டம் கிடையாது.

ஒலிபெருக்கிச் சண்டை

டிரம் கோர் ரசனைச் சண்டைகளில் பாதி விதி மாற்றங்களைச் சுற்றித்தான். 1999 வரை ஜி சுருதியில் அமைந்த பியூகிள் என்ற குழல்கள்தான். 2000 முதல் எந்தச் சுருதிக் குழலும் வரலாம் என்றானது. 2004-ல் மைக்கும் ஒலிபெருக்கியும் வந்தன. 2009-ல் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியம். 2014-ல் டிராம்போன் உட்பட எல்லாப் பித்தளை வாத்தியங்களும். ஒவ்வொரு முறையும் "இதோடு டிரம் கோர் செத்தது" என்று ஒரு தலைமுறை அறிவித்தது. அடுத்த மாற்றம் வரும்போது முந்தைய மாற்றத்துக்குள் வளர்ந்தவர்கள் அதே அறிவிப்பைச் செய்தார்கள். யாருக்கு எந்த வருடம் பொற்காலம் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர்களுக்குப் பதினெட்டு, இருபது வயது இருந்த வருடமாக இருக்கும்.

இதில் எனக்கும் ஒரு பக்கம் உண்டு. மைக் வந்ததும் கேடட்ஸ் 2007, 2008 ஷோக்களில் பேச்சு பேச்சாக நிரப்பினார்கள். இசை சொல்லாமல் சொல்ல வேண்டியதை ஒருவர் ஒலிபெருக்கியில் விளக்கிக்கொண்டே இருந்தார். எனக்கு அது கொஞ்சமும் ஒட்டவில்லை. ஆனால் இது முதல் வகைப் புகார் அல்ல; பிள்ளைகள் நன்றாகத்தான் வாசித்தார்கள். அமைப்பு பற்றிய புகார் பாதி, என் ரசனை மீதி.

எதிர்ப்பக்கத்தில் புளூகோட்ஸ். ஒஹாயோ மாநிலத்து கான்டனிலிருந்து வருகிற குழு. 2014-ல் 'டில்ட்' என்ற ஷோவின் கடைசியில், சிந்தசைசரோடு சேர்ந்து மொத்த ஒலியும் சரிந்து வளைவது மாதிரி ஒரு சங்கதி வைத்தார்கள். சுருதி நழுவும்போது வயிற்றுக்குள் ஏதோ கவிழும். மின்னணு வாத்தியத்தை எதிர்த்தவர்களில் பலர் அந்த இடத்தில் வாயடைத்துப் போனார்கள். அந்த வருடம் பட்டம் வாங்கியது புளூ டெவில்ஸ், 99.65 மதிப்பெண்ணோடு, டிசிஐ வரலாற்றிலேயே அதுதான் உச்சம். ஆனால் 2014 என்றதும் நிறைய ரசிகர்கள் முதலில் பேசுவது இரண்டாமிடம் வந்த டில்ட்டைப் பற்றித்தான். 2016-ல் புளூகோட்ஸ் தொப்பி, இறகு, விறைப்பான சீருடை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வந்தபோது, தூங்கப் போகிற உடையில் வந்துவிட்டார்கள் என்று கிண்டல் எழுந்தது. அந்த உடையிலேயே தங்கள் முதல் பட்டத்தை வென்றார்கள். இப்போது இறகுத் தொப்பியோடு வருகிற பெரிய குழுவைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் விமர்சிக்கும்போது

எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். கீழ் வரிசையில் உட்கார்ந்தால் பித்தளை நெஞ்சில் வந்து மோதும். உருவங்கள் ஒன்றும் புரியாது. மேலே போனால் உருவம் தெளிவாகத் தெரியும். சத்தம் கொஞ்சம் ஆறிப்போய் வரும். 2009 முதல் இறுதிப் போட்டிகள் நடக்கிற இண்டியானாபோலிஸின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியம் கூரை போட்ட பிரம்மாண்டமான இடம். அங்கே எதிரொலி பற்றிய முணுமுணுப்பு ஓயவே ஓயாது. திறந்த மைதானத்தில் கிளீனாகக் கேட்ட அதே டிரம் வரிசை அங்கே குழம்பிக் கேட்கலாம். வீடியோவில் பார்த்தால் கேமராக்காரர் எதைக் காட்டினாரோ அதுதான் உங்கள் ஷோ. கலர் கார்டு ஒரு மூலையில் செய்த அருமையான வீச்சைத் திரை காட்டாமல் விட்டிருந்தால், கலர் கார்டு சுமார் என்று நீங்கள் சொல்வதற்கு என்ன மதிப்பு?

ஜூனில் பார்த்தீர்களா ஆகஸ்டிலா என்பதும் கேள்வி. ஜூனில் பல ஷோக்களுக்கு முடிவே இருக்காது. கடைசி இரண்டு நிமிடம் இன்னும் கற்றுக்கொடுக்கப்பட்டிருக்காது. உடை வந்து சேர்ந்திருக்காது. சில இடங்களில் பிள்ளைகள் நின்றபடியே வாசிப்பார்கள். ஜூனில் அமைப்பைப் பற்றி ஊகிக்கலாம். வாசிப்பின் சுத்தத்தைப் பற்றி அப்போது தீர்ப்பு சொல்வது அவசரம்.

வருடங்களுக்கிடையே மதிப்பெண்ணை ஒப்பிடாதீர்கள். 99.65 வாங்கிய ஷோ 97.4 வாங்கிய ஷோவைவிட 2.25 அளவு உயர்ந்தது என்று ஒன்றும் இல்லை. அந்த இரவில், அந்தக் குழுக்களுக்கு நடுவே, யாருக்கு மேலே யார் என்று பிரிக்கத்தான் அந்த எண்கள். அப்புறம், நடுவர்கள் போன வருட வரிசையையே மனதில் வைத்துக்கொண்டு இந்த வருடமும் அதே இடத்தில் உட்காரவைக்கிறார்கள் என்ற புகார். இதற்கு 'ஸ்லாட்டிங்' என்று ரசிகர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். முழுக்க ஒதுக்கிவிட முடியாத சந்தேகம். பெரிய பெயர் மேல் நல்லெண்ணம் இருப்பது மனித இயல்பு. ஆனால் தன் அபிமானக் குழு தோற்ற ராத்திரியில் மட்டும் ஒருவருக்கு ஸ்லாட்டிங் ஞாபகம் வருகிறது என்றால், அந்தப் புகாரை அதற்குத் தக்கபடி எடுத்துக்கொள்ளலாம்.

யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். முன்பே சொன்னேன், ஷோவைத் தேர்ந்தெடுப்பது பிள்ளைகள் அல்ல. கதை ஒட்டவில்லை, மேடைச் சாமான்கள் அதிகம், இசை துண்டு துண்டாக இருக்கிறது என்பதெல்லாம் சம்பளம் வாங்கி அமைத்தவர்களுக்குப் போக வேண்டிய கடிதம். அவர்கள் தாங்குவார்கள், அது அவர்கள் தொழில். மூன்றாவது வரிசையில் துப்பாக்கியைத் தவறவிட்ட பத்தொன்பது வயதுப் பெண்ணை நிறுத்திப் பிடித்த வீடியோவில் வட்டம் போட்டுக் காட்டுவது விமர்சனத்தில் சேராது. அந்தத் தவறு அவளுக்கே தெரியும், அவள் பயிற்சியாளருக்கும் தெரியும், மதிப்பெண்ணிலும் சேர்ந்திருக்கும்.

"பிடிக்கவில்லை" என்று மட்டும் நிறுத்தாமல், எந்த இடத்தில் உங்கள் கவனம் கழன்றது என்று சொல்லிப் பழகுங்கள். "மெதுவான பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்தது தொடங்கிவிட்டது, அதனால் மனசில் தங்கவில்லை" என்றால் எதிரில் இருப்பவர் அந்த இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளவோ மறுக்கவோ முடியும். "ஆன்மா இல்லை" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்?

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். 1993 இறுதிப் போட்டியின் முதல் இரண்டு ஷோக்களையும் ஒரே உட்காரலில் பாருங்கள். கேடட்ஸ் வாசித்தது ஹோல்சிங்கரின் இசை. போர்க்களத்துக்குப் போகிற வேகம், மூச்சு வாங்கவைக்கிற ஓட்டம். ஸ்டார் அதற்கு நேர் எதிர். முதலில் எது பிடித்தது என்று எழுதுங்கள். அப்புறம், வாசிப்பு யாருடையது சுத்தம், அமைப்பு யாருடையது துணிச்சல் என்று தனித்தனியாக எழுதுங்கள். மூன்று விடையும் ஒரே குழுவாக வந்தால் இன்னொரு முறை பார்ப்பது நல்லது. எனக்கு வரவில்லை. துணிச்சலில் ஸ்டார், சுத்தத்திலும் மயிரிழையில் ஸ்டார். ஆனால் அந்த இரவில் பத்தில் ஒன்றை என் கையில் கொடுத்திருந்தால் நானும் கேடட்ஸுக்குத்தான் போட்டிருப்பேன்.